டொமைன் தேதி முடிஞ்சு போச்சு, கடை சைட்ல யாரோ விளம்பரம் ஓடுது

பெட்ஷீட்காரன்:
வணக்கம்ங்க. நம்ம ஈரோடு கடைக்கு நாலு வருசம் முன்னாடி தெரிஞ்ச பையன் ஒருத்தன் டாட் காம்ல சைட் போட்டுக் குடுத்தான். நேத்துல இருந்து திறந்தா என்னென்னமோ விளம்பரமா வருது, கடை மெயிலும் வரல. ஹோஸ்டிங்குக்கு போன மாசந்தான் பணம் கட்டுனேன், ரசீது இருக்குதுங்க, அப்புறம் எப்படி? பையன் துபாய் போயிட்டான், போனே எடுக்க மாட்டீங்கறான்.

ராக்கோழி:
அண்ணா ஹோஸ்டிங் (சைட் ஃபைலை வச்சிருக்கற இடம்) வேற, டொமைன் (சைட்டோட பேர்) வேற, ரெண்டுக்கும் தனித்தனி பில்லு. பேரை அடிச்சதும் நெட் கம்பெனி சர்வர் முதல்ல ரூட் சர்வர்கிட்ட (பேர் தேடறதுக்கு தலைமை சர்வர்) கேக்கும், அது டாட் காம் சர்வரைக் கைகாட்டும், அது உங்க நேம்சர்வர் எதுன்னு சொல்லும், அங்க போனாத்தான் ஹோஸ்டிங்கோட ஐபி நம்பர், அதாவது நெட்ல அதோட விலாசம், கிடைக்கும். தேதி முடிஞ்சா ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிஞ்சு குடுக்கற கம்பெனி) அந்த நேம்சர்வரை மாத்தி விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிடுவாங்க. மெயிலும் அதே வழிலதான் தேடிப் போகும், அதான் படுத்துருச்சு. ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கும். டொமைன் யார் பேர்ல இருக்கு, எப்ப முடியுதுன்னு காட்டற ஹூஇஸ் தேடல் போட்டுப் பாருங்க.

பெட்ஷீட்காரன்:
பாத்தேன், முடிஞ்சு 9 நாள் ஆச்சு. ஸ்டேட்டஸ்ல ஆட்டோ ரினியூ பீரியட்னு இருக்குது. ஓனர் பேர் இருக்கற எடத்துல பிரைவசின்னு போட்டு மறைச்சிருக்கு.

வயர்மேன்:
அப்ப தப்பிச்சீங்க, இன்னும் ரினியூ பண்ணலாம். டாட் காமுக்கு இந்த நிலைமை 45 நாள் வரை இருக்கலாம், ஆனா அதை நம்பி உக்காராதீங்க, சில ரிஜிஸ்ட்ரார் நடுவுலயே ஏலம் விட்டுருவாங்க. அதுக்கப்புறம் ரிடெம்ப்ஷன்னு மீட்புக் காலம் 30 நாள், அதுல மீட்கப் போனா தனி ஃபீஸ் தீட்டுவாங்க. கடைசி 5 நாள் யாராலயும் தொட முடியாது, அப்புறம் எவன் வேணா வாங்கிக்கலாம். சில இடத்துல லாகின் இல்லாமலே ரினியூ பண்ண விடுவாங்க, சப்போர்ட்ல கேளுங்க. ஆனா காசு யார் கட்டினாலும் அக்கவுண்ட் யார் மெயில்ல இருக்கோ அவன் கைலதான் சாவி. பையன் வீட்டுக்கே போய்ப் பேசியாவது உங்க அக்கவுண்டுக்கு மாத்திக்கோங்க.

பெட்ஷீட்காரன்:
அவங்க அம்மாகிட்டச் சொன்னேன், பத்தே நிமிசத்துல அவனே கூப்பிட்டான் 😀 ரினியூ பண்ணி நம்ம அக்கவுண்டுக்கும் மாத்தியாச்சு. மொபைல்ல திறக்குது, கடை வைஃபைல மட்டும் இன்னும் விளம்பரந்தான் வருது?

ராக்கோழி:
விளம்பரப் பக்கத்தோட நேம்சர்வர் இன்னும் கேஷ்ல (முன்னாடி தேடுனதை ஞாபகம் வச்சிருக்கற இடம்) நிக்குது. டாட் காம் சைடுல அதுக்கு வச்சிருக்கற டிடிஎல், அதாவது ஞாபகம் வச்சுக்கற கெடு, 48 மணி நேரம், அதுக்குள்ள தானா சரியாயிரும். ரவுட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.