நாய் குரைப்பதாகப் பக்கத்து வீட்டில் புகார்: முதலில் எதைச் செய்வது?

செத்தாப்பாக்_நடுவீடு

வணக்கம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இரட்டை மாடி தெரஸ் (வரிசை) வீடு, நடு வீடு. நாய்கள் இரண்டு. ஒன்று 11 வயது நாட்டு நாய், பெண். இன்னொன்று 3 வயது ஷ்னவுசர், ஆண். இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. காலை 8 மணிக்கு வீட்டைப் பூட்டினால் மாலை 6.30க்குத்தான் ஆள் வரும். பகல், இரவு இரண்டு வேளையும் நாய்கள் முன்னால் கார் நிறுத்தும் இடத்தில்தான்.

வலப்பக்கத்து வீடு மலாய்க் குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது. நேற்று கேட்டில் கடிதம் செருகியிருந்தது. பகலெல்லாம் குரைக்கிறது, விடியற்காலை 3 மணிக்கும் குரைக்கிறது, இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில்) புகார் என்று எழுதியிருக்கிறார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள், அங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதலில் எதில் கை வைப்பது? குரைத்தால் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? கவுன்சில் ஆள் வந்தால் என்ன கேட்பார்கள்?

---

வாலாட்டி

பட்டையை இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டு புகார் இருக்கிறது. பகல் குரைப்பு ஒன்று, 3 மணிக் குரைப்பு ஒன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்துத்தான் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள். எந்த நாய், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, எத்தனை நிமிடம் என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. ஒலியும் பதிவாகிற ஒரு சிசிடிவியோ பழைய கைப்பேசியோ போதும். 5 நாள் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். அதில் ஒரு சனி அல்லது ஞாயிறு இருக்கட்டும். ஒரு தாளில் நான்கு கட்டம்: மணி, முதலில் குரைத்தது எது, காரணம், நிமிடம். இரண்டு நாய் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் ஆரம்பிக்கும், மற்றது பின்பாட்டு. பயிற்சி முதலில் ஆரம்பிப்பதற்கு.

பதிவில் பார்க்க வேண்டியது:

கேட் பக்கம் ஓடிப்போய், ஆள் கடந்ததும் நிறுத்தினால் அது காவல் குரைப்பு. பார்சல் பையன், தபால்காரர், குப்பை லாரி எல்லாம் வந்து வந்து போவதால் நாய்க்குத் தினமும் வெற்றிதான்: 'நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்.' அதனால்தான் இது தானாகக் குறைவதில்லை, கூடிக்கொண்டே போகும்.

நீங்கள் கதவைப் பூட்டிய முதல் அரை மணி நேரத்திலேயே ஊளை, மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவைப் பிறாண்டுதல் என்றால் அது தனிமைப் பதற்றம். சோதிக்க ஒரு வழி: கிளம்பும்போது வேகவைத்த கோழித் துண்டு நாலைந்தை வைத்துவிட்டுப் போங்கள். மாலை வரை தொடாமல் கிடந்து, நீங்கள் வந்ததும் விழுங்கினால் சந்தேகம் வலுக்கிறது. இது கண்டித்துத் திருத்துகிற விஷயம் இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று வெளியே போய் வந்து பழக்க வேண்டும். முற்றிய நிலையில் மிருக வைத்தியர் ஃபுளுவோக்ஸெடின் போன்ற மருந்து எழுதுவார், அது பிடிக்கவே சில வாரம் ஆகும்.

கொஞ்ச நேரம் குரைப்பு, ஒரு தூக்கம், மறுபடி குரைப்பு என்றால் சலிப்பு. ஷ்னவுசருக்கு இது சகஜம். காலை 8க்குக் கிளம்புகிறவர் 6.30க்கே எழுந்து 30 நிமிடம் நடத்துங்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், முகர முகர விட்டு நடத்துங்கள். மூக்கு வேலை செய்தால்தான் நாய் களைக்கும். காலைச் சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் ரப்பர் பொம்மைக்குள் சோறும் கோழியும் அடைத்து இரவே ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் கணிசமான நேரம் ஓடும். குழம்பு ஊற்றின சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்.

காவல் குரைப்புக்கான பயிற்சி: வார் போட்டு நாயைக் கேட்டிலிருந்து தள்ளி, வீட்டு வாசலில் நிறுத்துங்கள். தெரிந்த ஒருவரை ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். நாய் ஆளைப் பார்க்கும், காது தூக்கும், இன்னும் குரைக்கவில்லை. அந்த நொடியில் நிலக்கடலை அளவு கோழித் துண்டு வாய்க்குள் போக வேண்டும். ஒரு தடவைக்கு 15 துண்டு, 5 நிமிடம், காலை மாலை. குரைத்துவிட்டால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். திட்டாமல் இரண்டு அடி பின்வாங்குங்கள். "ஏய், சும்மா இரு!" என்று உள்ளேயிருந்து கத்தினால், நாயின் கணக்கில் நீங்களும் கூடச் சேர்ந்து குரைக்கிறீர்கள்.

இன்னொன்று. இதுவரை குரைத்தபோதெல்லாம் வெளியே வந்து பார்த்தவர், திடீரென்று வராமல் இருந்தால் முதல் சில நாள் குரைப்பு கூடும். அங்கேதான் எல்லோரும் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஷாக் பட்டை ஏன் வேண்டாம் என்றால், பயத்தில் குரைக்கிற நாய்க்கு வலியும் சேர்ந்தால் அந்த வலியை எதிரே நிற்கிற ஆளோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். குரைத்துக்கொண்டிருந்தது கடிக்க ஆரம்பிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த இரும்பு முனை நாள் முழுக்க அழுத்தினால் கழுத்தில் புண். சத்தத்தை மட்டும் கேட்டு வேலை செய்கிற மலிவான பட்டைகளில், ஒன்று குரைத்தால் பக்கத்தில் சும்மா நிற்பதற்கும் அடி விழும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி உறை இன்னும் மோசம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வெயிலில் அதை மூடினால் உயிருக்கே ஆபத்து.

---

நான்காம்_மாடி

சித்ரனெல்லா பீச்சுற பட்டை போடலாம்ல? ஷாக் இல்ல, வாசனைதான். கோண்டோவுல நெறைய பேர் அதைத்தான் மாட்டி விடுறாங்க. எங்க பக்கம் மேனேஜ்மென்ட் அதிகம் போனா 200 வெள்ளி ஃபைன் போடுவாங்க, அவ்வளவுதான். ரொம்பக் கவலைப்படாதீங்க.

---

ஜெலுத்தோங்_வாசி

200 வெள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை, அண்ணே. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் குடியிருப்பு) பராமரிப்பு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14ஆவது துணைவிதியைப் படித்துப் பாருங்கள். மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தருகிற பிராணியை வைத்திருக்கக் கூடாது. எழுத்து மூலம் நோட்டீஸ் கிடைத்த 3 நாளில் அதைக் கட்டடத்திலிருந்து அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் நிர்வாகமே அகற்றலாம், செலவு உங்கள் தலையில். 200 வெள்ளி என்பது விதிமீறலுக்கான அபராத உச்சவரம்பு. கோண்டோ வீட்டுக்காரர்கள் தெரஸ் வீட்டுக்காரரைவிட வேகமாக நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கிறது.

சித்ரனெல்லா ஷாக்கைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். மருந்து தீரத் தீர நாய்க்கும் அது தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவருடையது தரை வீடு. அங்கே 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் (சட்டம் 171) பேசும். தொல்லை இருக்கிறது என்று கவுன்சிலுக்குத் திருப்தியானால் 82ஆம் பிரிவின்படி அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் வந்து நிற்கிற அதிகாரி முதலில் கேட்பது லைசென்ஸைத்தான். சத்தத்தை நிரூபிப்பது சிரமம். லைசென்ஸ் இல்லாத நாய் கண்ணெதிரே நிற்கும். உங்கள் லைசென்ஸில் எத்தனை நாய், எந்த முகவரி, எந்த ஆண்டு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வீட்டு வகைக்கு ஏற்ப எண்ணிக்கை வரம்பு உண்டு, ஒவ்வொரு கவுன்சிலுக்கும் அது வேறு. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் வரம்பை வைத்துக் கோலாலம்பூரில் பேச முடியாது. லைசென்ஸ் நகல், தடுப்பூசி அட்டை, உங்கள் பதிவுத் தாள், கேட்டில் செய்த மாற்றத்தின் படம், நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடிதம் வந்தால் மலாயில் ஒரு பக்கப் பதில் போதும்: என்ன செய்தோம், எந்தத் தேதியில், இனி என்ன செய்யப் போகிறோம்.

இப்போது கேட். காவல் குரைப்பு என்று பதிவில் தெரிந்தால், நாயின் கண்ணுக்கு ரோடு தெரியாமல் செய்வதுதான் ஒரே நாளில் பலன் தருகிற வேலை. ஊடுருவித் தெரியாத மங்கலான பாலிகார்பனேட் தகடு, 2 அல்லது 3 மில்லிமீட்டர், கம்பிக்கு உட்புறமாகக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். உயரம் 4 அடி போதும், ஷ்னவுசர் பின்னங்காலில் நின்றாலும் எட்டாது. கேட் முழுவதையும் மூடிவிடாதீர்கள். மூடினால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். மாலை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் ஆட்டோ கேட் மோட்டார் ஏதோ தடை என்று நினைத்துப் பாதியில் நிற்கும், இல்லையென்றால் மோட்டாரின் கை பொருத்தியிருக்கிற பிராக்கெட் வளையும். சென்சார் கண்ணையும் மறைக்காதீர்கள். கீழே இடைவெளி ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் நாய் படுத்துக்கொண்டு அதன் வழியே பார்த்துக் குரைக்கும், அங்கே ஒரு ரப்பர் பட்டை. பச்சை வலை மலிவு, காற்றும் போகும், ஆனால் ஒரு மடிப்பில் ஆள் நிழல் தெரியும். இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

சுவரில் ஒட்டுகிற பஞ்சு நுரைப் பலகைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அது எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தத்தைத் தடுக்காது. அந்தச் சத்தம் திறந்த வாசல் வழியாகவும் மேலே கூரைத் தகட்டில் பட்டும்தான் போகிறது. இரவில் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவதற்கு ஈடாக எந்தப் பலகையும் இல்லை. சமையலறைப் பின்புறம் வேண்டாம். பின் லோரோங்கில் (சந்தில்) பூனை, எலி, முசாங் (மரநாய்) நடமாட்டம் அதிகம். ஹால்தான் நல்லது. கடைசியாக 11 மணிக்கு ஒரு முறை வெளியே விட்டு, திரைச்சீலையை இழுத்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

---

வாலாட்டி

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் பதில் போடாதீர்கள். நேரில் போங்கள், சனிக்கிழமை காலை 10 மணி வாக்கில். மக்ரிப் (மாலைத் தொழுகை) நேரத்தில் போய் நிற்காதீர்கள். நாயைத் தொட்ட கையைக் கழுவி, ரோமம் ஒட்டாத சட்டை போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்று "சாயா மிந்தா மாஆப்" (மன்னிப்புக் கேட்கிறேன்) என்று ஆரம்பியுங்கள். ஏதாவது கொண்டுபோக நினைத்தால் வெட்டாத பழம் போதும். நம் வீட்டில் சமைத்ததைக் கொடுத்து அவர்களைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம்.

"நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும்" என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது. கேட்க வேண்டியது மூன்று: எந்த நேரத்துச் சத்தம் அதிகம் தொந்தரவு, குழந்தை எந்த அறையில் தூங்குகிறது, உடனே சொல்ல எந்த எண்ணில் அழைப்பார்கள். அறை தெரிந்தால் நாய் இருக்கும் இடத்தை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். "இனி குரைக்காது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இன்றிரவு முதல் உள்ளே படுக்கும், வருகிற ஞாயிறுக்குள் கேட் மறைப்பு, இரண்டு வாரம் கழித்து நானே வந்து கேட்கிறேன்" என்று தேதி சொல்லுங்கள். சொன்ன நாளில் போய்க் கேட்கவும் வேண்டும்.

---

செத்தாப்பாக்_நடுவீடு

இருவருக்கும் நன்றி. 5 நாள் பதிவு முடிந்தது. பகலில் 22 முறை குரைப்பு. 19இல் ஆரம்பித்தது ஷ்னவுசர், எல்லாம் கேட் பக்கம், பெரும்பாலும் 2 நிமிடத்துக்குள் முடிகிறது. இரவில் ஆரம்பிப்பது கிழவிதான், 2.40க்கும் 3.20க்கும் இடையில், நான்கு இரவு. ரோட்டில் ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்த்து ஒரே சுரத்தில் குரைக்கிறாள். நிறுத்தினால் அப்படியே நிற்கிறாள். உள்ளே படுக்க வைத்தாலும் அப்படித்தான், மூலையில் போய் நின்றுகொள்கிறாள். இதற்கும் கோழித் துண்டுதானா?

---

வாலாட்டி

இல்லை. பயிற்சி ஷ்னவுசருக்கு மட்டும். கிழவியை இந்த வாரமே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அந்த 3 மணி வீடியோவையும் கைப்பேசியில் காட்டுங்கள். பகலில் பரிசோதனை மேசையில் இந்த நாய்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். படம் இல்லாமல் வைத்தியருக்குப் பிடிபடாது.

11 வயதில் காரணமில்லாத இரவுக் குரைப்பு, சுவரையும் மூலையையும் வெறித்தல் என்றால் மூளை மங்குகிற முதுமை நோயாக இருக்கலாம், மனிதர்களுக்கு வரும் மறதி நோய் மாதிரி. ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் மூட்டு வலி, பல் வலி, காது கேளாமை, கண் புரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்து விலக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பகலில் அதிகம் தூங்குகிறாளா, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறாளா, கதவின் கீல் பக்கம் போய்த் திறக்கக் காத்திருக்கிறாளா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். வலிக்கு நாம் விழுங்குகிற பாராசிட்டமாலை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள்.

அதுவரை இரவில் அவள் படுக்கும் இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள், வழுக்குகிற டைல்ஸ் மேல் ரப்பர் பாய் போடுங்கள். 2.30க்கு அலாரம் வைத்து, அவள் ஆரம்பிக்கும் முன்பே எழுப்பிச் சிறுநீர் கழிக்க விட்டுக் கூட்டி வந்தால் சில இரவுகள் தப்பிக்கலாம்.

பக்கத்து வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்: இரவில் குரைப்பது வயசான, உடம்பு சரியில்லாத நாய், இந்தத் தேதியில் வைத்தியரிடம் போகிறது என்று.

---

ஜெலுத்தோங்_வாசி

வைத்தியர் தருகிற ரசீதையும் அந்தக் கோப்பிலேயே போட்டுவிடுங்கள். ஷ்னவுசரின் 19 முறைக்குத் தகடு இந்தச் சனிக்கிழமையே. கட்டுவதற்கு முன் கேட்டை ஒரு தடவை முழுக்கத் திறந்து, தகட்டின் விளிம்பு தூணில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் தூண் பக்கம் அரை அங்குலம் வெட்டிவிட்டுக் கட்டுங்கள்.