உப்புத் தண்ணீர், ஓட்டு வீடு: வெந்நீருக்கு சோலார் சரிப்பட்டு வருமா?

மூலனூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமம் எங்களுடையது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மார்கழி, தை வந்தால் விடியற்காலையில் வெந்நீர் இல்லாமல் ஆகாது. இதுவரை பாய்லர்தான். என் மாமியார் ஐந்து மணிக்கே எழுந்து தென்னமட்டையும் பாளையும் வைத்துப் பற்றவைப்பார். இப்போது அவருக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது, புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வாளியில் ஹீட்டர் ராடு போடுகிறோம். சின்னவன் ஈரக் கையோடு அந்தப் பக்கம் போனாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வந்து எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசினார். எல்லா வீட்டுக்கும் 200 லிட்டர் சோலார், கண்ணாடிக் குழாய் வகை, மொத்தமாக எடுத்தால் விலை குறையும், அரசு மானியமும் வாங்கித் தருகிறேன் என்றார். எங்கள் தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் வீடு ஓட்டு வீடு. வெளியே இருக்கும் குளியலறைக்கு மட்டும் கான்கிரீட் தளம். அதன் மேலேயே 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் நல்ல உப்பு. குண்டாவில் காய்ச்சினால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். வீட்டில் ஐந்து பேர், மூன்று கறவை மாடு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காங்கயம் ஆசிரியர்:

சகோதரி, முதலில் மின்சாரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர், மொத்தம் 100 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து குளிக்கும் சூடான 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.75 யூனிட் வேண்டும். தினமும் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டும். அதாவது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் முழுவதையும் குளியல் வெந்நீரே சாப்பிட்டுவிடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும் வீடாக இருந்தால் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து ஏறும். அதனால் மாற்றுவது நல்லதுதான்.

மானியம் பற்றி அந்த ஆளிடம் கொஞ்சம் கறாராகக் கேளுங்கள். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டம் கூரையில் மின்சாரம் எடுக்கும் பேனலுக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இரண்டையும் குழப்பித்தான் பல ஊர்களில் பேசுகிறார்கள். எந்தத் திட்டம் என்று எழுதிக் கொடுக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வெள்ளகோவில் பிளம்பர்:

அம்மிணி, நான் இந்த வேலைதான் செய்கிறேன். வெள்ளகோவில், முத்தூர், மூலனூர்ப் பக்கம் நிறைய வீட்டில் சோலார் மாட்டியிருக்கிறேன், அடைத்துப்போனதைக் கழற்றியும் இருக்கிறேன். நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி. நம்ம பக்கம் சோலார் கெடுவது வெயிலால் இல்லை, தண்ணீரால்தான்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தட்டு வகை. கண்ணாடிக்கு அடியில் செம்புக் குழாய் ஓடும். நல்ல தண்ணீருக்கு அதைப் போல உழைப்பது எதுவும் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் விட்டால் அந்த மெல்லிய குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டிக்கொண்டே வரும். ஒரு நாள் மேலே டேங்கில் வெந்நீரே ஏறாது. ஆசிட் விட்டுக் கழுவினால் செம்பும் சேர்ந்து தேயும். அதனால் உங்களுக்கு அது வேண்டாம். கண்ணாடிக் குழாய் வகையே சரி. அதிலும் சுண்ணாம்பு படியும், ஆனால் குழாயை உருவிக் கழுவலாம். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒவ்வொன்றிலும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிற்கும். உருவிக் கவிழ்த்தால் மூடிய முனையிலிருந்து கோலமாவு கரைத்த மாதிரி வெள்ளையாகக் கொட்டும். அதை வருடம் ஒருமுறை செய்தால் போதும். அந்தச் சமயத்தில் குழாயின் வாயில் இருக்கும் சிலிக்கான் ரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

குழாயின் அடி முனையைப் பாருங்கள், உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வெள்ளி நிறத்தில் பளபளக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்தக் குழாயின் இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவில், காற்றே இருக்கக்கூடாத இடத்தில், காற்று புகுந்துவிட்டது, இனி சூடு பிடிக்காது. வாங்கும் அன்றே ஒவ்வொரு குழாயையும் இப்படிப் பார்த்து வாங்க வேண்டும். வண்டியில் வரும்போதே ஒன்றிரண்டு போயிருக்கும்.

உள் டேங்க் எந்த உலோகம் என்று கேளுங்கள். 304 எவர்சில்வர் என்பார்கள். நம்ம உப்புக்கு அதுவும் வெல்டிங் ஓரத்தில் பொத்துக்கொள்ளும். 316 கிடைத்தால் நல்லது, விலை கூடும். டேங்க் அரிக்காமல் இருக்க உள்ளே மெக்னீசியம் கம்பி போட்ட டேங்காக இருந்தால் அந்தக் கம்பியை அவ்வப்போது கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கம்பெனிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

தண்ணீரை முதலில் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை, 600-க்கு மேல் போனால் குடிக்கவே ஆகாது என்பது தரக்கட்டுப்பாட்டு அளவு. அந்த அளவில் இருந்தால் சோலாருக்கு மட்டும் தனியாக 200 லிட்டர் டேங்க் வைத்து, கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அதை நிரப்பிக்கொள்ளலாம்.

டேங்க் விஷயம் இன்னொன்று. சோலாரில் மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். குளிர்ந்த தண்ணீரும் தன் கனத்தாலேயே சோலார் டேங்குக்குள் இறங்க வேண்டும், அதனால் குளிர்ந்த தண்ணீர் டேங்கின் அடிப்பாகம் சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் 1000 லிட்டர் டேங்க் தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அது உதவாது. அதைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கவும் கூடாது, ஒரு டன் கனம், குளியலறைத் தளம் தாங்காது. நான் சொன்ன அந்தச் சின்ன டேங்கை ஆறேழு அடி ஸ்டாண்டில் வையுங்கள், ஸ்டாண்டின் கால்கள் சுவருக்கு மேலே வர வேண்டும், தளத்தின் நடுவில் வேண்டாம். சோலார் டேங்கிலிருந்து ஆவியும் காற்றும் வெளியேற வைக்கும் காற்றுக் குழாய் அந்தச் சின்ன டேங்கின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாகப் போக வேண்டும், அதில் வால்வு எதுவும் போடக்கூடாது.

கீழே வரும் வெந்நீர்க் குழாய், சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. வளைந்து தொங்கும். நீளமும் முக்கியம். முக்கால் இஞ்ச் குழாய் 50 அடி ஓடினால் சுமார் 4 லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும். அரை இஞ்ச் என்றால் 2 லிட்டருக்குள் முடிந்துவிடும். உங்களுக்குச் சோலாரும் குளியலறையும் ஒரே இடம் என்பதால் அரை இஞ்சே போதும். மேலே ஃபோம் சுற்றுங்கள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோலார் ஸ்டாண்டைச் சும்மா செங்கல் வைத்து நிறுத்திவிட்டுப் போவார்கள். நான்கு காலையும் போல்ட் போட்டுத் தளத்தில் இறுக்கச் சொல்லுங்கள்.

உடுமலை தோட்டத்துக்காரி:

பிளம்பர் அண்ணா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் சோலார் வந்து பல வருடமாகிறது. யார் எந்த நேரத்தில் குளிப்பார்கள் என்பதைப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். தோட்டத்து வேலை முடித்து வருபவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிப்பார்கள். அவர்கள் எடுக்க எடுக்க டேங்கில் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும். இரண்டு வேளையும் குளிக்கும் வீடு என்றால் 200 லிட்டர் எடுங்கள். காலை மட்டும் என்றால் உங்கள் ஐந்து பேருக்கு 100 லிட்டரே தாராளம், ஏனென்றால் 60 டிகிரியில் இருக்கும் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துதான் குளிப்போம். பால் கேன் கழுவ, தவிடு ஊறவைக்க என்று மாட்டுக்கும் எடுப்பீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாய்லரைத் தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடர்ந்து மேகம் மூடினால் சோலார் கைவிட்டுவிடும். அந்த நாட்களுக்கு மட்டும் பாய்லர். உங்கள் மாமியார் அல்லாமல் வேறு யாராவது பற்றவைக்கட்டும். மற்ற நாளில் மிச்சமாகும் தேங்காய்த் தொட்டியைக் கரி சுடுபவர்கள் எடையிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

குடிநீரைச் சோலாருக்கு விடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. கோடையில் ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் அதைக் குளிக்க விடுவது நியாயமில்லை. ஏழு வீடும் செய்தால் தெருக்கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது.

வெள்ளகோவில் பிளம்பர்:

நீங்கள் சொல்வது சரி. தண்ணீர் தாராளமாக வரும் ஊருக்கு மட்டும் அது பொருந்தும். இல்லாவிட்டால், உப்பு அந்த 600 அளவைத் தாண்டினாலும் போர்வெல் தண்ணீரையே விட்டு, கண்ணாடிக் குழாயை வருடத்துக்கு ஒருமுறைக்குப் பதில் இரண்டு முறை கழுவுங்கள்.

மூலனூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்களுக்குக் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, அதைத் தொடப் போவதில்லை. நேற்றுத் தெருவில் எல்லாரிடமும் இதைப் படித்துக் காட்டினேன். ஏழு வீட்டுக்கும் ஒரே அளவு வேண்டாம், அவரவர் வீட்டுக்குத் தக்கபடி எடுப்போம், கழுவும் வேலைக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆளை வைப்போம் என்று பேசியிருக்கிறோம். ஒரு சந்தேகம். எங்களுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மோட்டார் ஓடாமல் டேங்க் காலியானால் கண்ணாடிக் குழாய்க்கு ஏதாவது ஆகுமா? குளியலறைக்குத் தெற்கே இரண்டு தென்னை வேறு நிற்கிறது.

வெள்ளகோவில் பிளம்பர்:

நல்ல கேள்வி. குழாயில் தண்ணீர் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது, டேங்க் காலியானாலும் குழாயில் தண்ணீர் நிற்கும். கழுவிவிட்டுக் காலியாக மாட்டும்போதுதான் ஆபத்து. வெறும் குழாய் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் காயும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்துவிடும். அதனால் முதல் தடவை நிரப்புவதும், கழுவிய பிறகு நிரப்புவதும் சூரியன் உதிக்கும் முன் அல்லது இருட்டிய பிறகுதான். நடுப்பகலில் நிரப்பலாம் என்று எந்த ஆள் சொன்னாலும் விடாதீர்கள். சின்ன டேங்குக்குப் போர்வெல் மோட்டார் லைனிலிருந்தே ஒரு கிளை எடுத்து மிதவை வால்வு போட்டால், மின்சாரம் வரும்போதெல்லாம் முதலில் அது நிரம்பிக்கொள்ளும்.

தென்னையை வெட்ட வேண்டாம். சோலார் தெற்குப் பார்த்து நிற்க வேண்டும், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளமாக விழும். இப்போது மார்கழிதானே, நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் தளத்தில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று நேரமும் வெயில் படும் இடத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். மட்டை நிழல் ஒன்றிரண்டு குழாயில் கொஞ்ச நேரம் விழுந்தால் பரவாயில்லை. ஆனால் தேங்காய் விழும் இடமாக இருக்கக்கூடாது. இடமே கிடைக்காவிட்டால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக நான்கு தூண் எழுப்பி அதன் மேல் வைக்கலாம், சோலார் டேங்கின் அடி குளியலறைக் குழாயைவிட உயரமாக இருந்தால் போதும்.

சித்திரையில் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். பாதிக் குழாயைச் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயை முதலில் திறந்துவிட்டுத்தான் வெந்நீரைத் திறக்க வேண்டும் என்று சின்னவனுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள்.