1986 அம்பாசிடருக்கு இசுசு இன்ஜின்: மாற்றலாமா, பழசையே செய்யலாமா?

உச்சிப்புளியான்:
வீட்டில் அம்பாசிடர் மார்க் 4 நிற்கிறது. 1986 மாடல், அப்பா ஓட்டியது. பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின், 1489 சி.சி. ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை, ஆயில் குடிக்கிறது, பாம்பன் பாலத்தில் ஏறும்போது இழுவையே இல்லை. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் 1800 இசுசு பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர் பாக்ஸோடு கிடைக்கிறது. கடைக்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். வண்டியை விற்கும் எண்ணம் கிடையாது. குடும்பத்தோடு மதுரை வரை பயமில்லாமல் போய் வரவேண்டும், அவ்வளவுதான். மாற்றலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

கீழக்கரை வண்டிக்காரன்:
தம்பி, தாராளமாக மாற்றுங்கள். 1817 சி.சி., ஓவர்ஹெட் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு மேலேயே இருக்கும் வகை), 75 குதிரைத்திறன் பக்கம். உங்கள் பி.எம்.சி. ஐம்பதைத் தொட்டாலே பெரிது. அதை விட முக்கியம் அந்த ஐந்தாவது கியர். ராமநாதபுரம் தாண்டி பரமக்குடி ரோட்டில் எண்பதில் போனால் பழைய இன்ஜின் அலறும். இது சத்தமே இல்லாமல் போகும். இதொன்றும் யாரோ பட்டறையில் கண்டுபிடித்த ஒட்டுவேலை கிடையாது. தொண்ணூறுகளில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே இதே பாடிக்குள் இதே இன்ஜினை வைத்து 1800 ஐ.எஸ்.இசட். என்று விற்றது. மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் அந்த மாடலில் இருந்தே எடுக்கலாம்.

தொண்டிப் பட்டறை:
கம்பெனி வைத்தது அதற்கென்று செய்த புது பாடியில், பாய். இவர் வைக்கப்போவது நாற்பது வருடம் உப்புக்காற்று தின்ற பாடியில். அது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் ஆர்.சி.யைப் பேசுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் போட்டால் நம்பரை மாற்றிப் பதிந்துகொள்ள வழி உண்டு. இங்கே 1489 என்பது 1817 ஆகிறது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாக வேண்டும். அவர் பானட்டைத் திறந்தால் இவர் என்ன பதில் சொல்வார்? விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள்.

கீழக்கரை வண்டிக்காரன்:
சட்டத்தை மீறச் சொல்லவில்லை அண்ணே. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்கட்டும். அதே கம்பெனி, அதே மாடல் பெயர், அதே எரிபொருள் என்று எடுத்துச் சொல்லலாம். ஒத்துக்கொண்டால் மட்டும் மேற்கொண்டு வேலை. கடைக்காரரிடம் பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது என்ற தாளும் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஆனால் பழைய இன்ஜினை ரீபோர் செய்தால் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டால்) எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்களும் சொல்லாதீர்கள். அந்த ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்தது. 2000-இல் ஈயம் போனதிலிருந்து எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துகொண்டேதான் வருகிறது. கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு) மூன்றே பேரிங். அதைத் தட்டிக்கொட்டி ஹைவேயில் விரட்டுவது அந்த இன்ஜினுக்குச் செய்யும் கொடுமை.

மண்டபம் டீசல்:
இரண்டுமே வேண்டாம். மட்டடோர் வேனின் டீசல் இன்ஜின் போடுங்கள். ஒரு காலத்தில் டாக்ஸிக்காரர்கள் அம்பாசிடரில் அதைத்தான் வைத்து ஓட்டினார்கள். மைலேஜும் கிடைக்கும், இழுவையும் இருக்கும்.

தொண்டிப் பட்டறை:
மண்டபத்துத் தம்பி, அந்தக் காலம் வேறு. பெட்ரோல் வண்டியில் டீசல் என்றால் ஆர்.சி.யில் எரிபொருளே மாறுகிறது, கீழக்கரை பாய் சொன்னதை விட நீங்கள் சொல்வதில்தான் வம்பு கூட. அந்த எடையும் அதிர்வும் முன்பக்கத்தைக் கீழே இறக்கிவிடும்.

கீழக்கரை பாய்க்கு வருகிறேன். வால்வு சீட் விஷயம் உண்மை. அதற்குத்தான் லேத்தில் ஹெட்டைக் கொடுத்துக் கடினமான சீட் வளையம் இறக்குகிறோம். பிளாக்கில் ஸ்லீவ் (சிலிண்டருக்கு உள் உறை), புது பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், எல்லாமே இன்றைக்கும் நடக்கிற வேலை. இன்ஜின் நம்பர் மாறாது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

உச்சிப்புளியாருக்கு ஒன்று கேட்கிறேன். முன் சீட்டுக்கு அடியில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? அம்பாசிடருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடியும் சட்டமும் (ஃபிரேமும்) ஒன்றுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) நீளமாகப் பின்னால் வந்து, முன் சீட்டுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். நம் பக்கத்து வண்டிகளில் அந்தப் பெட்டிச் சட்டத்துக்குள் மணல் புகுந்து, உப்பு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். டங் என்று நின்றால் நல்லது. பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ளே போனால் இன்ஜின் பேச்சையே நிறுத்திவிட்டு டிங்கரிங் (தகடு வேலை) பட்டறைக்குப் போங்கள். கதவுக்குக் கீழ்த்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், எல்லாவற்றையும் இப்படியே குத்திப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடி ரோட்டில் அலைத் தூறல் பட்ட வண்டியென்றால் இன்னும் கவனம்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் கியர் ஸ்டியரிங் பக்கம் இருக்கும். இசுசு பாக்ஸுக்கு லீவர் தரையில். அதற்கு ஃப்ளோரை வெட்டியாக வேண்டும். துருப்பிடித்த ஃப்ளோரில் புது ஓட்டை!

கீழக்கரை வண்டிக்காரன்:
துருவைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த டிங்கரிங் எந்த இன்ஜின் போட்டாலும் செய்ய வேண்டியதுதானே அண்ணே? தகடு எப்படியும் வெட்டி ஒட்டும்போது லீவர் ஓட்டையும் அதோடு முடிந்துவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸில் இருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) நீளம் மாறும், வெட்டினால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது. பிரேக்கும் நான்கு டிரம்மோடு விடக் கூடாது. பின்னால் வந்த மாடலின் டிஸ்க்கும் பூஸ்டரும் சேர்த்து எடுக்க வேண்டும். செலவு கூடும், தெரியும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வண்டி, அதில் கணக்குப் பார்க்க முடியாது.

தொண்டிப் பட்டறை:
அங்கேதான் நான் நிற்கிறேன். இன்ஜின், பாக்ஸ், ஷாஃப்ட், பிரேக், லீவர் என்று ஒன்று மாறினால் இன்னொன்று இழுக்கிறது. பாதியில் காசு தீர்ந்து பட்டறை ஓரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளை நான் தினமும் பார்க்கிறேன். அப்புறம் தண்ணீர். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு. பி.எம்.சி. ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும். இசுசு ஹெட் அலுமினியம். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து கேஸ்கட் ஓரமே அரித்துப்போகும். வாங்கப்போகும் இன்ஜினில் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்.

கீழக்கரை வண்டிக்காரன்:
டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றினால் அந்தப் பேச்சு முடிந்தது. அது எந்த இன்ஜினுக்கும் பொது. அதே மாதிரி இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், டேங்க் எல்லாம் இரண்டு இன்ஜினுக்கும்தான் மாற்ற வேண்டும். ஐந்தாவது கியரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உச்சிப்புளியான்:
விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். டிரைவர் பக்கம் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிறது. அடுத்த பக்கம் கெட்டியாக இருக்கிறது. கதவுக்குக் கீழ்த்தகடு இரண்டு பக்கமும் போச்சு. கடைக்காரரிடம் அட்வான்ஸ் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்கிறேன். பதில் வரும்வரை இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு டிங்கரிங் மட்டும் ஓடட்டும். இறக்கின கையோடு பிளாக்கை லேத்தில் அளந்து பார்க்கச் சொல்கிறேன். தொண்டி அண்ணே, குறுக்குச் சட்டத்துக்கு எந்த கேஜ் (கனம்) தகடு போடச் சொல்வது?

தொண்டிப் பட்டறை:
நல்ல பக்கத்தில் துரு இல்லாத இடமாகச் சுரண்டி வெர்னியர் வைத்து அளந்து, அதே கனம், குறையவே கூடாது. வெட்டுவதற்கு முன்னால் டார்ஷன் பாரைத் தளர்த்தி, வண்டியைச் சமமாக நான்கு ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒட்டி முடித்ததும் உள்பக்கம் மெழுகு கலந்த துருத் தடுப்பு அடிக்காமல் மூடக் கூடாது.

கீழக்கரை வண்டிக்காரன்:
தம்பி, ஃப்ளோர் தகடு வெட்டும் முன்னால் ஆர்.டி.ஓ. பதில் வந்ததா என்று இங்கே போடுங்கள். அனுமதி கிடைத்தால் மதுரைக்கு நானும் வருகிறேன், இன்ஜினை நின்று பார்த்து எடுப்போம்.