தண்ணீர் ஃபில்டர் போட வந்தவர் உங்களுக்கு எந்த 'லைசென்ஸ்' காட்டினார்?

கோத்தகிரி ஊற்று:
கட்டபெட்டு பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு இரும்பு 1.6 மி.கி., பிஎச் 5.8, அதாவது புளிப்புப் பக்கம். லைசென்ஸ் கேட்டதும் வந்தவர் போனை நீட்டினார்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். சமவெளியில் கேன் தண்ணீர் அடைக்கும் யாருக்கோ கொடுத்தது! அது உணவு வியாபார உரிமம். வெசல் (ஃபில்டர் உருளை) மாட்டுகிறவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாட்டியது இரும்பைப் பிடிக்கிற, மாங்கனீஸ் பூசிய மீடியா (உருளைக்குள் நிரப்பும் துகள்). அதற்கு பிஎச் 6.8-க்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு படியாமல் அப்படியே தாண்டிப் போகும். முன்னால் கால்சைட் (சுண்ணாம்புக் கல் துகள்) வெசல் வைத்து பிஎச்சை ஏற்றவில்லை. இரண்டாவது வாரமே வெள்ளைத் துண்டெல்லாம் டீ டிகாக்‌ஷன் நிறம்.

குன்னூர் பைப்லைன்:
அண்ணா, லைசென்ஸையும் கெமிஸ்ட்ரியையும் போட்டுக் குழப்பாதீங்க. 'நீர் சுத்திகரிப்பு காண்டிராக்டர்' என்று இங்கே தனி லைசென்ஸே கிடையாது. கலிபோர்னியாவில் உண்டு: சி-55 என்று பெயர், நாலு வருட வேலை அனுபவம், பரீட்சை எல்லாம். நம்மிடம் துண்டு துண்டாகத்தான். பேனல் போர்டு வயரிங்குக்கு மின் ஒப்பந்ததாரர் லைசென்ஸ். அரசு டெண்டர் என்றால் அந்தத் துறையில் பதிவு. லாட்ஜின் எஸ்டிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, அதுவும் லாட்ஜ் பெயரில். காண்டிராக்டர் பெயரில் வராது. ஜிஎஸ்டி நம்பர் வெறும் வரி எண்.

கொடை மூங்கில்:
கொடைக்கானலில் ஒரு கடையில் நடந்த டெமோ. இரண்டு டம்ளர், இரும்புக் கம்பி, கரண்ட். சாதாரணத் தண்ணீர் பழுப்பாகும், ஆர்ஓ தண்ணீர் ஆகாது. கரைவது கம்பிதான், அழுக்கில்லை. ஆனால் ஊற்றுத் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 40. கரண்டே பாயவில்லை, நிறம் வரவில்லை. ஆசாமி சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார்! 40 இருக்கிற தண்ணீருக்கு ஆர்ஓ எதற்கு?

ஊட்டி பம்ப்ஹவுஸ்:
கேட்காமலே சொல்கிறேன். காகிதத்தை விடுங்கள், பம்பைப் பாருங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் சுமார் 7.9தான். சமவெளிக் கணக்கில் சம்புக்கு 6 மீட்டர் மேலே மோனோபிளாக் பம்ப் வைத்தால் உள்ளே கூழாங்கல் உருளுகிற சத்தம் வரும், இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) பள்ளம் பள்ளமாக அரிக்கும். 4 மீட்டருக்குள் வையுங்கள், சக்ஷன் பைப் ஒரு சைஸ் பெரிது, ஃபுட் வால்வுக்கு மேல் எல்போ குறைவு. அடுத்தது ஆர்ஓவின் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு). கேட்லாக் கணக்கு 25 டிகிரிக்கு. ஒரு டிகிரி குறைந்தால் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 3 சதவீதம் போகும். உறைபனி மாதத்தில் 10 டிகிரித் தண்ணீரில் 1000 லிட்டர் பிளாண்ட் 600 சொச்சம்தான் கொடுக்கும். 'அடைத்துவிட்டது' என்று புது மெம்பிரேனுக்கு பில் வரும், ஏமாறாதீர்கள். கிருமி நீக்க பிளீச்சிங் பவுடரில் குளோரின் 33 சதவீதம் என்றால் 1000 லிட்டருக்கு 6 கிராம். தென்மேற்குப் பருவத்தில் மூட்டை ஈரம் குடித்து வீரியம் போய்விடும், எடையை நம்பாமல் அரை மணி கழித்துக் குழாயில் 0.2 மி.கி. குளோரின் மிஞ்சுகிறதா பாருங்கள்.

கோத்தகிரி ஊற்று:
பம்ப் யாரும் கேட்கவில்லை சார். குன்னூர் தம்பிக்கு: லைசென்ஸே இல்லை என்றால் பிடிமானம் ஒப்பந்தத் தாள்தான். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் இரும்பை 1 மி.கி. வரை விடுகிறது, துணியில் கறை 0.3-லேயே ஆரம்பிக்கும். அதனால் '0.3-க்குள், பிஎச் 6.5 முதல் 8.5, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வக முடிவு வந்த பிறகே கடைசி 20 சதவீதப் பணம்' என்று ஹோம்ஸ்டேக்காரர்கள் எழுதச் சொன்னார்கள். ஃபில்டர்காரர் எழுதிக் கொடுத்தது: 'தண்ணீர் நன்றாக வரும்.'