வெள்ளைத் தேநீர் வெந்நீர் மாதிரி இருக்கிறதா? சிங்கப்பூரின் நான்கு வட்டாரங்களிலிருந்து நால்வர் சொல்லும் யோசனைகள்.

ஈசூன்:
முதல் தடவை பை மூதான் என்னும் வெள்ளைத் தேயிலையைப் போட்டவர்கள் "சப்புனு இருக்கு" என்று சொன்னால் இலையைக் குறை சொல்ல வேண்டாம், கரண்டியைப் பாருங்கள். வெள்ளைத் தேயிலையை வாடவைத்து உலர்த்துவதோடு சரி. உருட்டுவதும் இல்லை, வறுப்பதும் இல்லை. அதனால் இலை உப்பலாக நிற்கும். கறுப்புத் தூள் இரண்டு கிராமுக்கு மேல் பிடிக்கும் தேக்கரண்டியில் இது ஒரு கிராம்கூடத் தேறாது. 0.1 கிராம் காட்டும் சின்ன மின்தராசு ஒன்று இருந்தால் போதும்.

கைவான் என்னும் மூடிக் கிண்ணம் 110 மி.லி. என்றால் 5 கிராம் போடுங்கள். சாதாரணக் குவளையில் 250 மி.லி.க்கு 3 கிராம், 5 நிமிடம். கைவானை முதலில் வெந்நீரால் சுடவைத்து, நீரைக் கொட்டிவிட்டு இலையைப் போட்டுப் பத்து விநாடி மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் வரும் வாசனையிலேயே இலையின் தரம் பாதி தெரிந்துவிடும். முதல் நீர் 25 விநாடி, இரண்டாவது 20, மூன்றாவது 30, அப்புறம் ஒவ்வொரு தடவையும் 15 விநாடி கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். அடியில் தேங்கும் நீர்தான் அடுத்த சுற்றைத் துவர்க்க வைக்கிறது.

தோ பாயோ:
எடை சரி அண்ணா, ஆனால் சூட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் 75 அல்லது 80 பாகை என்று அச்சிட்டிருப்பதை நம்பி, வெள்ளி ஊசி என்னும் மொட்டு மட்டுமே உள்ள வெள்ளைத் தேயிலையைக் கெடுப்பவர்கள் நிறைய. மொட்டு முழுக்க மெல்லிய ரோமம். அது நீரை ஒட்டவிடாது, மொட்டு மேலேயே மிதக்கும். உருட்டாத இலையில் சாறு இறங்கவும் நேரமாகும். வெள்ளி ஊசிக்கு 85 முதல் 90, பை மூதானுக்கு 95, முற்றிய இலையாலான ஷோ மேய் வகைக்குத் தளதளவென்று கொதிக்கும் நீர். கசந்தால் நேரத்தைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். நீரை மொட்டின் மேல் நேராக ஊற்றாமல் கிண்ணத்தின் ஓரமாக விடுங்கள். கோப்பையில் மினுமினுவென்று மிதப்பது தூசி இல்லை, அந்த ரோமம்தான்.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் ஊருக்குக் குடிநீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரில் குளோரமின் என்னும் கிருமிநாசினியைச் சேர்க்கிறது. சாதாரண குளோரின் போல இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடாது. கரி வடிகட்டி உள்ள ஜாடி வேண்டும். கறுப்புத் தேநீரில் தெரியாத அந்த வாடை இதில் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று, இதில் கஃபீன் குறைவு என்பது தவறு. முற்றிய இலையைவிட இளமொட்டில்தான் கஃபீன் அதிகம். ராத்திரி தூக்கத்துக்கு முன்னால் வெள்ளி ஊசி வேண்டாமே.

ஜூரோங்:
அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. சைனாடவுன் கடைகளில் "ஆன்ஜி பை ச்சா" என்று கிடைக்கும். பெயரில்தான் வெள்ளை ('பை' என்றால் வெள்ளை), செய்முறையில் அது பச்சைத் தேயிலை. இலை இயற்கையிலேயே வெளிறியிருப்பதால் வந்த பெயர். அதற்கு 95 பாகை ஊற்றினால் கருகிய கீரை மாதிரி ஆகிவிடும், 80 போதும். வெள்ளைத் தேயிலையின் தாய்வீடு சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தின் ஃபூதிங், செங்ஹே வட்டாரங்கள். நீலகிரியிலும் இலங்கையிலும் வருவது அதே முறையில் செய்தது, சுவை மட்டும் வேறு.

இரண்டு வெள்ளைத் தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைக்க நினைத்தால் இரண்டிலும் 3 கிராம், 150 மி.லி. கொதிநீர், 5 நிமிடம். இந்தக் கெடுபிடியில்தான் குறை வெளியே வரும். பச்சை அவரைக்காய் வாடை அடித்தால் வாடவைத்தது போதவில்லை. ஈர இலையின் ஓரம் சிவந்திருந்தால் பறிக்கும்போதோ வாடவைக்கும்போதோ அடிபட்டிருக்கிறது. நல்ல வெள்ளி ஊசியில் நுங்கும் வெள்ளரியும் கலந்த ஒரு குளிர்ச்சி, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு. பை மூதானில் காய்ந்த வைக்கோலும் தேனும்.

பிடோக்:
நம் ஊரில் எடையும் சூடும் சரியாக இருந்தும் தேநீர் கெடுவது அலமாரியில்தான். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டாத நாள் அரிது. இலையை விரலால் நசுக்கிப் பாருங்கள். பொடிப்பொடியானால் நலம், வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது. பூசணம் இல்லையென்றால் சூட்டடுப்பில் (oven) 60 பாகையில் இருபது நிமிடம் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு மூடலாம். மணம் கொஞ்சம் போகத்தான் செய்யும். பூசணம் கண்ணில் பட்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அலுமினியத் தாள் பையை இறுக மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். சமையலறை வேண்டவே வேண்டாம், மசாலா வாடையை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த இலைமேல் நீர் வியர்க்கும்.

போட்ட தேநீருக்கு மட்டும் அந்தப் பெட்டி பொருத்தம். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 6 கிராம் பை மூதானைப் போட்டு, பெட்டிக்குள் எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி அன்றைக்கே குடித்துவிட வேண்டும். பழைய ஷோ மேய் இருந்தால் நேர்மாறு: 5 கிராமை ஒருமுறை அலசி, 600 மி.லி. நீரில் சின்னத் தீயில் ஐந்து நிமிடம். பேரீச்சம்பழ வாசனை வரும்போது இறக்குங்கள்.