சென்சார் மாற்றியும் மழைக்கு மறுநாள் ஏபிஎஸ், இஎஸ்சி விளக்கு எரிகிறது, யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள்

மலைப்பாதை:
வணக்கம். 2019 மாடல் பெட்ரோல் கார், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஒரே தொல்லை. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை செம்மேட்டுக்குப் போகும்போது காரவள்ளி வரை ஒன்றும் இருக்காது. மலை ஏறத் தொடங்கிப் பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டாமல் காப்பது) விளக்கு, இஎஸ்சி (வண்டி சறுக்காமல் பிடிப்பது) விளக்கு, ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது) எச்சரிக்கை மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் போய்விடும். சில நாள் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினாலும் வராது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள், சி0035 என்ற கோளாறு கோட், முன் இடது சக்கர வேக சென்சார் என்று வந்தது. 3,800 ரூபாய் கொடுத்து சென்சார் மாற்றினேன். இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு நல்ல மழை பெய்தது, மறுநாளே திரும்ப அதே மூன்று விளக்கு, அதே கோட். இப்போது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், 40 ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாதம் இரண்டு முறை அம்மாவை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறேன், இறக்கத்தில் அந்த விளக்கு எரிந்தால் வயிற்றைக் கலக்குகிறது. யூனிட் மாற்றிவிடலாமா?

ஸ்பேனர்:
தம்பி, யூனிட்டுக்கு இப்போது காசு கட்டாதீர்கள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மழைக்கு மறுநாள் மட்டும் கெடுகிற யூனிட்டை நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

மூன்று விளக்கு எரிவதால் மூன்று கோளாறு என்று பயப்பட வேண்டாம். இஎஸ்சி, ஹில் ஹோல்ட் எல்லாமே நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஏபிஎஸ் யூனிட்டையும் நம்பித்தான் வேலை செய்கின்றன, ஒரு சக்கரத்தின் சிக்னல் தடுமாறினால் எல்லாம் சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம், சி0035 என்றால் அந்த சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சக்கரத்திலிருந்து வரும் சிக்னல் சரியில்லை என்றுதான் அர்த்தம். சிக்னல் புறப்படுவது பேரிங்கில் இருக்கும் காந்த வளையத்தில், அங்கிருந்து சென்சார், சென்சார் ஒயர், கனெக்டர், பாடி ஒயர் என்று கடந்துதான் யூனிட்டுக்கு வருகிறது. இத்தனையில் உங்களுக்கு மாற்றியது சென்சாரும் அதன் ஒயரும் மட்டும்.

இரண்டு கேள்வி. விளக்கு வருவது வலது வளைவிலா, இடது வளைவிலா? கழற்றிய பழைய சென்சார் கையில் இருக்கிறதா?

சக்கரம்:
எனக்கும் இதே கோட்தான் வந்தது, கடைசியில் காரணம் வீல் பேரிங். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு கடையில் பேரிங் மாற்றியிருந்தேன். காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும், அவர்கள் திருப்பி அடித்துவிட்டார்கள். ஆனால் எனக்கு வண்டி நகர்ந்ததுமே விளக்கு வந்துவிடும், உங்களுக்கு விட்டு விட்டு வருகிறது என்பதால் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும், பேரிங் தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில் வளையம் விலகி சிக்னல் அறுந்து போகும். பேட்டரி வோல்ட்டேஜையும் ஒரு தடவை பாருங்கள்.

தாழ்வாரம்:
காரணம் தெரியும் வரை இறக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், ஆனால் ஈரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதனால் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஒன்று பிரேக் ஆயில் குறைந்திருக்கும், இல்லையென்றால் பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக்கை அளந்து கொடுக்கும் இபிடி வேலை செய்யவில்லை, பின்பக்கம் முதலில் பூட்டி வண்டி சுழல வாய்ப்புண்டு. அப்படி வந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள், ஓரம் கட்டிவிட்டு வேறு வண்டி கூப்பிடுங்கள்.

மலைப்பாதை:
எல்லோருக்கும் நன்றி. சிவப்பு ஒரு தடவைகூட வரவில்லை, ஆயில் மேல் கோட்டில் இருக்கிறது. பேட்டரி அணைத்த நிலையில் 12.6, ஓடும்போது 14.2. ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை, சுற்றும்போது சத்தமும் இல்லை. ஸ்பேனர் அண்ணா, விளக்கு பெரும்பாலும் வலது வளைவில், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதுதான் வருகிறது. பழைய சென்சார் டிக்கியில்தான் கிடக்கிறது.

ஸ்பேனர்:
நல்லது. அந்தப் பழைய சென்சாரின் பிளக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு பின் தெரியும். பச்சையாக இருந்தால், அதோடு சேர்ந்திருந்த பாடி பக்க கனெக்டரும் அப்படித்தான் இருக்கும். புது பின் உள்ளே போகும்போது கொஞ்சம் சுரண்டிவிடும், அதனால்தான் இரண்டு வாரம் ஓடியிருக்கும்.

சென்சாரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) வைத்து அளக்காதீர்கள். உங்கள் மாடலில் அநேகமாக ஆக்டிவ் சென்சார்தான், அதில் ஓம்ஸ் அளவு எதையும் சொல்லாது. பழைய காந்தச் சுருள் வகைக்குத்தான் அந்த வைத்தியம். ஆக்டிவ் சென்சார் 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி மின்சாரம் இழுத்துத்தான் வேகத்தைச் சொல்கிறது. இவ்வளவு சின்ன அளவு என்பதால் பின்னில் களிம்பு ஏறினாலும் கெடும், இரண்டு பின்னுக்கும் நடுவில் தண்ணீர் நின்று கசிந்தாலும் கெடும். மழை கணக்கு இதோடு ஒத்துப்போகிறது.

ஸ்கேனர் வைத்திருப்பவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, நாலு சக்கர வேகத்தையும் லைவ் டேட்டாவில் கிராஃபாகப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். மலிவு ப்ளூடூத் கருவி பல வண்டிகளில் இன்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் படிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:
அண்ணா, கிடைத்துவிட்டது. பழைய சென்சாரின் ஒரு பின் பளபளவென்று இருக்கிறது, இன்னொன்றின் அடியில் களிம்பு மாதிரிப் பச்சைப் பொடி. பார்த்ததும் கை நடுங்கியது, இத்தனை நாள் டிக்கியிலேயே விடை கிடந்திருக்கிறது.

லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்கேனரோடு வந்தார். கிராஃபில் மற்ற மூன்று சக்கரத்தின் கோடும் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றாகப் போகும்போது முன் இடது மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கை எடுத்துக் கனெக்டரைப் பிரித்தார். ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்து, உள்ளே ஈரம். ஒரு பின்னை எடுத்து அதில் சொருகிக் காட்டினார், ஒரு ஓட்டை இறுக்கிப் பிடித்தது, மற்றது தானாகக் கீழே நழுவியது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒயர் இழுபட்டு அந்தத் தளர்ந்த பக்கம் விலகியிருக்கிறது. பாடி பக்கத்தில் புது கனெக்டர், சீல் ஓரத்தில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ், கூலியோடு 650 ரூபாய்.

அதற்கப்புறம் மூன்று தடவை மலைக்குப் போய் வந்துவிட்டேன், அதில் ஒரு நாள் விடாத மழை. விளக்கு வரவில்லை.

ஸ்பேனர்:
சந்தோஷம் தம்பி. ஒயரை எங்கே ஒட்டுப்போட்டார் என்று மட்டும் பாருங்கள். சக்கரம் திரும்பும்போது வளைகிற இடத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் அங்கே விறைத்துக்கொண்டு நாளடைவில் ஒடியும். ஒயரை பாடியில் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அந்தப் பக்கம், அசையாத இடத்தில் இருந்தால் சரி. பழைய சென்சாரின் பின்னைத் துடைத்து டிக்கியிலேயே வையுங்கள், அது நல்ல சென்சார்.