ஹம்பி மாதங்க மலை: விடியலுக்கு எந்தப் பாதை?

கேள்வி: ஹோசப்பேட்டையில் தங்குகிறோம். அம்மாவுக்கு 60 வயசு. ஏற முடியுமா?

பதில் 1: கமலாபுரம் சாலைப் பக்கப் பாதையைப் பிடிங்க. சரிவும் படியும் கலந்தது. உச்சிக்குக் கிட்ட செங்குத்து. நிதானமா முக்கால் மணி நேரம். ஹோசப்பேட்டை 13 கி.மீ., ஆட்டோவை முந்தின நாளே பேசிடுங்க. ஹம்பிக் கடைத்தெருவின் நந்திச் சிலைப் பக்கப் பாதையில பாறை தாவணும், அம்மாவுக்கு வேண்டாம்.

பதில் 2: கைவிளக்கு ஒருத்தருக்கு ஒண்ணு. வழவழப்பான கருங்கல், பனியில வழுக்கும். மழைன்னா கண்டிப்பா ஏறாதீங்க. தனியாவும் போகாதீங்க.

பதில் 3: உதயம் முடிஞ்சதும் இறங்கிடாதீங்க! வெயில் சாய்வா விழும்போதுதான் கீழே அச்சுதராயர் கோயிலின் (1534) பிராகாரமும் அதன் நீண்ட கடைவீதியும் தெளிவாத் தெரியும். மேற்கே விருபாட்சர் கோபுரம். இதையெல்லாம் பார்க்க மலை உச்சியில இருக்கிற வீரபத்திரர் கோயில் மேல்தளம்தான் சரியான இடம்.